ஒரே எண், இரண்டு துப்பாக்கி

துப்பாக்கிப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். இருபது வருடமாகத் துப்பாக்கி எண்களை எழுதுகிறாள், ஆனால் ஒரு துப்பாக்கியைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆயுதம் உள்ளே வரக் கூடாது என்பது விதி. வாசல் காவலர் துப்பாக்கியைப் பார்த்து எண்ணை ஜன்னல் வழியாகக் கத்துவார், அவள் எழுதிக்கொள்வாள்.

அன்று இன்ஸ்பெக்டர் அந்த விதியை மதிக்கவில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டை அவள் மேஜையில் கிடத்தினார். ஒன்று, கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு யாரோ வாய்க்காலில் வீசியது. இன்னொன்று, கூடவே வந்து நின்ற வங்கி வாட்ச்மேனின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. இரண்டின் குழலிலும் 2140.

"ரெண்டு துப்பாக்கி, ஒரே நம்பர், ஒரே ஆளு. இது இவரோட நம்பர்தான்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, கூட்டிட்டுப் போறேன்."

வாட்ச்மேனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, நான் ஒரு கொசுவைக்கூட சுட்டதில்லம்மா!"

"கொசுவை யாருய்யா சுடுவாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

காலையில் இன்ஸ்பெக்டர் போனில் இந்த எண் யாருடையது என்று கேட்டதும், முதல் பக்கத்திலிருந்து தேடி, கண்ணில் பட்ட முதல் 2140-க்கு உரிய பெயரைச் சொன்னவள் அவளேதான். அதற்கு மேல் புரட்டவில்லை. ஏன் புரட்டவில்லை?

"ஒரு நிமிஷம் சார்" என்று புத்தகத்தை இழுத்தாள். ஆட்களின் பெயர் வரிசையில் எழுதிய புத்தகம். எண்ணைப் பிடித்துக்கொண்டு அதை யாரும் கடைசி வரை பார்த்ததே கிடையாது. விரலை ஓட்டினாள். ஒரு மில் முதலாளி, 2140. ஒரு பல் டாக்டர், 2140. கடைசிப் பக்கத்தை மூடும்போது பதினொரு பேர் ஆகியிருந்தார்கள்.

"என்னம்மா இது, ஒரே துப்பாக்கியை ஊரே வாடகைக்கு எடுத்துச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் ஜன்னலைத் திறந்து வாசல் காவலரைக் கூப்பிட்டாள். "அண்ணே, துப்பாக்கில எந்த நம்பரைப் பார்த்துப் படிப்பீங்க?"

"பெருசா இருக்கறதைத்தான். என் கண்ணுக்கு வேற எது தெரியும்?"

அவள் வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள். "ஏன்ணே, தினமும் துடைக்கிறீங்களே, இதுல வேற எங்கயாவது நம்பர் இருக்கா?"

"குழலைக் கழட்டினா அடியில பொடிசா ஒண்ணு இருக்கும்மா. எண்ணெய் போடறப்ப பார்ப்பேன்."

"அதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியேம்மா!"

கழற்றினார்கள். வீட்டுத் துப்பாக்கியின் அடியில் 60318. வாய்க்கால் துப்பாக்கியில் 57742. மேலே பெரிதாக இருந்த 2140 மாடல் எண். அந்த வகைத் துப்பாக்கி எல்லாவற்றிலும் அது இருக்கும்.

"சரி, ரெண்டும் இவரோடதா இருந்தா?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

அவள் வாட்ச்மேனின் லைசென்ஸ் காகிதக் கட்டைப் பிரித்தாள். அடியில், துப்பாக்கி விற்ற கடையில் கொடுத்த ரசீது மடித்தது மடித்தபடி கிடந்தது. 60318. விற்றவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதை எடுத்துப் பார்க்க இந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்ற பத்துக் கட்டுகளையும் இறக்கினாள். ஏழாவதில் இருந்தது 57742. பல் டாக்டர்.

"அந்த ஆளா!" இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "போன வாரம்தான் எனக்குப் பல்லு புடுங்கினாரு."

அவர் கிளம்பிய வேகத்தில் தொப்பியை மறந்துவிட்டுப் போனார். வாட்ச்மேன் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "போகலாமாம்மா?"

"இருங்கண்ணே." அவள் புத்தகத்தில் அவர் வரியைத் தேடிப் பிடித்து, 2140-ஐ அடித்துவிட்டு 60318 என்று எழுதினாள். பிறகு கழற்றி வைத்திருந்த அவர் துப்பாக்கிக் குழலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்ணே, இதுக்கு ரெண்டு குழல் எதுக்கு?"