கோட்டுக்கு அரை அடி பின்னால்

1

செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை, விமான நிலைய வருகைக் கூடத்தில், வெளிநாட்டுப் போட்டிக்குச் சென்றிருந்த மாற்றுத்திறனாளி வீரர்கள் ஆறு பேரும் வந்து இறங்கினார்கள்.

இந்தக் கதை பிறந்தது அன்று எனக்கு நேர்ந்த ஏமாற்றத்தில்தான். இம்முறை ஒருவராவது அங்கேயே தங்கிவிடுவார் என்று பேச்சு அடிபட்டது. பார்த்து எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. கண்ணாடிச் சுவர் வழியே வந்த வெளிச்சத்தில் சக்கர நாற்காலிகள் தண்ணீருக்குள் நகர்வதுபோல மெல்ல வந்தன. எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்பது செய்தியே அல்ல. பேனாவை மூடினேன்.

கடைசியாக வந்தவர் பார்வையற்ற ஓட்டக்காரி. அவர் விரல்களில் ஒரு குட்டைக் கயிற்றின் வளையம். மறுமுனை வளையத்தைப் பிடித்திருந்தவர் பயிற்சியாளர். எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறவர், ஓட்டக்காரியின் அண்ணி. அவர் வரவில்லை.

துணைக்கு ஓடுகிறவர்கள் வீரர்கள் கணக்கில் சேர்த்தியில்லை.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: "அண்ணன் ஒரு முரடன்."

கோடு போட்டு அடித்துவிட்டேன். கூடத்தில் நான் பார்த்த அண்ணன், பிளாஸ்கில் டீயும் மனைவிக்குப் போர்த்த ஒரு சால்வையுமாகக் காத்திருந்தார். (முரடர்களும் சால்வை கொண்டுவருவார்கள். எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு வில்லனை உட்காரவைப்பது சுலபம்.)

இரண்டாவது தொடக்கம்: "அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடிந்தது விடியற்காலை ஓட்டத்துக்கு மட்டும்தான். நாத்தனாருக்குத் துணை என்றால் யார் தடுப்பார்கள்?"

இது கொஞ்சம் நிற்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

[இடையில் ஒரு விதி: துணைக்கு ஓடுகிறவர் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. முடிவுக் கோட்டை முதலில் தாண்டவும் கூடாது. தாண்டினால் தகுதி நீக்கம். அரை அடி பின்னால் இருப்பதுதான் அந்த வேலை.]

3

ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை. வீரர்கள் குடியிருப்பின் நடைபாதையில் ஓட்டக்காரியும் அண்ணியும் நடக்கிறார்கள். மூடுபனி. (இருந்ததா என்று தெரியாது. நான் அங்கே இல்லை. ஆனால் கண்ணை மூடினால் மூடுபனியோடுதான் வருகிறது.) நடுவில் கயிறு தூக்கக் கலக்கத்தில் தொய்ந்து கிடக்கிறது.

"அண்ணி, உங்க காலடி மாறிப்போச்சு."

"என்னத்த மாறிச்சு?"

"பந்தயத்துக்கு முந்தின நாள் இப்படித்தான் வைப்பீங்க. அதான் முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்கு?"

"வாயாடி. உங்கிட்ட பூனைகூட ஒளிஞ்சு நடக்க முடியாது."

"இங்கயே இருந்துடப் போறீங்களா?"



"நீயும் இரேன்."

"எனக்கு வேணாம்மா. நம்ம மைதானத்துல எங்க புல்லு, எங்க பள்ளம்னு என் காலுக்குத் தெரியும். இங்க எல்லாம் ஒரே வழவழப்பு. தூக்கத்துல நடக்கற மாதிரி இருக்கு."

"நான் இல்லாம யாரோட ஓடுவே?"

"கோச்சோட."

"அந்த மனுஷனா? பஸ்ஸ விட்டுட்ட ஆள் மாதிரி ஓடுவாரே!"

இருவரும் சிரித்தார்கள். நிறுத்தினால் அடுத்த கேள்வி வந்துவிடும் என்பதால் வெகுநேரம் சிரித்தார்கள். வந்தது.

"உங்க அண்ணன் கேட்டா என்ன சொல்லுவே?"

ஓட்டக்காரியை இங்கே பேசவைக்க எனக்குத் துணிவில்லை. அண்ணியைப் போகவிட்டால் அவருக்கு ஓட்டம் போயிற்று. விடாவிட்டால் அண்ணிக்கு என்ன போயிற்று என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

4

புறப்பாடு. பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு.

"நீ முதல்ல தாண்டு," என்றாள் அண்ணி. "எப்பவும் போலத்தான். நான் பின்னாலதான்."

பிறகு அவள் தன் விரல்களிலிருந்து அந்த வளையத்தை

அவள் வளையத்தைக் கழற்றும்போது

கழற்றவே விடமாட்டேன் என்கிறது இந்த வாக்கியம். என் கனவில் கயிறு அறுவதில்லை. நீண்டுகொண்டே போகிறது; கடலுக்கு மேலே, நனைந்து, பறவைகள் வரிசையாக உட்காரும் அளவுக்கு.

5

இனி வருவது நான் கண்ணால் பார்த்தது.

"அவ எங்கேம்மா? பாத்ரூம் போயிருக்காளா?" என்று கேட்டார் அண்ணன்.

ஓட்டக்காரி பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒருவர் காலி டிராலிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனார். அந்தச் சத்தத்தில் உதடுகள் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"கடைசி நேரத்துல காணாமப் போயிட்டாங்கண்ணே." அல்லது, "நான்தான் போகச் சொன்னேன்." அல்லது வெறுமனே, "வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்." மூன்றையும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் வேறு ஆளாகிவிடுகிறார். உங்களுக்குத் தோன்றுவதை அந்த உதடுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சற்று நேரம் கதவையே பார்த்தார். சால்வையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். பயிற்சியாளரிடமிருந்து வளையத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கயிறு இழுபட்டது.

அக்டோபர் கடைசியில் நடந்த தகுதிப் பந்தயத்தில் ஓட்டக்காரி பயிற்சியாளரோடு ஓடினார். முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவர் பயிற்சியாளர். இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.