லூயிசா வீட்டுக்குப் போக வேண்டிய கேக்

நாற்பத்தொரு வருடமாகக் கிறிஸ்துமஸ் காலையில் எதிர்வீட்டு லூயிசா எங்களுக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பாள். தீபாவளிக்கு எங்கள் அதிரசம் அந்த வீட்டுக்குப் போகும். இந்த ஆவணியில் அவள் கணவன் மரியகுழந்தை இறந்துபோனான். துக்க வீட்டில் அந்த வருடம் பலகாரம் செய்வதில்லை. நாற்பதாம் நாள் செபத்துக்கு வந்திருந்த எங்கள் சுரங்கக் குடியிருப்பு ஊரிகம் லைன் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் எழுந்து லூயிசாவிடம் சொன்னேன்: "இந்த வருஷம் கேக்கு எங்க வீட்ல இருந்து வரும். பூசை முடிஞ்சு நீ உன் வீட்டுப் படியேறும்போது மேசை மேல இருக்கும்."

சொன்ன சொல்லில் எங்கள் குடும்பம் தவறியதில்லை. சுரங்கத்தில் ஆட்களைச் சுமந்து போகும் கேஜை இறக்கி ஏற்றியவன் நான். ஒரு ஷிஃப்டுக்கும் ஒரு நிமிடம் பிந்திப் போனதில்லை.

மருமகள் வாணி கேக் நன்றாகச் செய்வாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலமே இரண்டு பொட்டலம் வெண்ணெயை எடுத்துச் சமையல் மேடையில் வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். ராத்திரி பூனை வாய் வைத்துவிட்டால், அந்த வெண்ணெயிலா லூயிசாவுக்குக் கேக்? இரண்டையும் ஃப்ரீசரில் வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலை ஆறரைக்கு வாணியின் குரல் கேட்டது.

"யாரு இத உள்ள வெச்சது? கல்லு மாதிரி கீது!"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி கிருஷ்ணம்மா, "நாந்தாம்மா, ஞாபகமில்லாம வெச்சிட்டேன்" என்றாள். அவள் வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

வாணி ஒரு பொட்டலத்தைக் கேரட் துருவியில் துருவித் தட்டில் பரப்பினாள். பெரிய டம்ளரில் வெந்நீர் ஊற்றி, சூடானதும் கொட்டி, துடைத்து, வெண்ணெய்மேல் கவிழ்த்தாள். பொறுக்காமல் உள்ளே போனேன்.

"அடுப்புல வெச்சு உருக்கிட்டா ஆச்சு. இதுக்கு இன்னா இவ்ளோ கலாட்டா?"

"உருகக் கூடாது மாமா, இளகணும். ரெண்டும் வேற. உருகினத சர்க்கரையோட அடிச்சா பொங்காது. கேக்கு கட்டையா வரும்."

"அவ்ளோதான? இன்னொண்ண நான் பாத்துக்கறேன், கொடு."

கொல்லையில் குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அண்டாவின் மூடிமேல் தட்டோடு வெண்ணெயை வைத்து நின்றேன். வேலிக்கு அப்பாலிருந்து யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் திரும்பினால் தட்டில் மஞ்சள் தண்ணீர்.

வாணி அதை வாங்கிப் பார்த்தாள். மறுபடி குளிரில் வைத்தாள். இனி அது இறுக வேண்டும், பிறகு இளக வேண்டும்.

கேக் ஓவனுக்குள் போனபோது ஒன்பதே கால். பூசை விட்டு ஜனங்கள் தெருவில் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"எவ்ளோ நேரம்?"

"அம்பது நிமிஷம் மாமா."

"சூட்ட ஏத்தேன்."

"ஏத்தினா மேல கருகும், உள்ள மாவா நிக்கும்."

அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் சொன்னேன். "வெண்ணெய உள்ள வெச்சது நான்."

"தெரியும் மாமா." அவள் கிண்ணம் கழுவுவதை நிறுத்தவில்லை. "அந்தக் கதவ ரெண்டு கையால அழுத்தினாத்தான் சாத்த முடியும். அத்தைக்கு ஏது ரெண்டு கை?"

கிருஷ்ணம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம். வெள்ளைச் சேலையில் லூயிசா.

"இன்னா சம்பங்கி அண்ணே, எங்கூட்டு மேசை காலியா கீது? உங்க கேக்கு தின்னுட்டுத்தான் காபின்னு பட்டினியா கெடக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மரியகுழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"கொஞ்சம்..." என்றேன்.

"இன்னும் வேவலியா? வேவட்டும். நான் இங்கியே குந்திக்கறேன்." முக்காலியை இழுத்து ஓவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காருங்கண்ணே."

நான் உட்காரவில்லை. கண்ணாடிக்குள் மாவு இன்னும் எழும்பவில்லை. என் கையில் இன்னும் வெண்ணெய்ப் பிசுக்கு. துடைக்கிற துணி எங்கே இருக்கும் என்று என் வீட்டுச் சமையலறையில் எனக்குத் தெரியவில்லை.