நானே வந்து கெஞ்சினாலும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். மூன்று மாடிக் கட்டடம் அது. கீழ்த்தளத்தில், கேட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் பின்னால் குடியிருப்பவன் நான். எல்லாம் கண்ணால் கண்டது.

கட்டடத்தின் சொந்தக்காரருக்குப் பல் செட் செய்யும் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் தாடையின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருப்பார். அதில் கழுத்து குனிந்தபடியே இறுகிவிட்டது. ஓய்வு பெற்றதும் மூன்றாம் மாடி பால்கனியில் ஆடு நாற்காலி போட்டு உட்கார வேண்டும், கீழே இருக்கிற வீடுகளின் வாடகை தானாக மேலே ஏறி வர வேண்டும். அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்ததே இந்த ஆசைதான்.

வேலையையும் பார்த்துக்கொண்டு குடித்தனக்காரர்களையும் மேய்க்க முடியுமா? அதற்கென்று ஓர் ஆளைப் போட்டார். இடுப்பில் கொத்து குலுங்க நடப்பதால் அவனை நாங்கள் சாவி என்போம். அவனுக்கு ஒரே விதி. சம்பளச் சீட்டு இருப்பவருக்குத்தான் வீடு. ஓய்வு பெற்றால் அன்றே காலி. அதன்பிறகு சொந்தக்காரர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இரண்டாம் மாடியில் அவருடைய அக்காவே குடியிருந்தாள். அத்தான் ஓய்வு பெற்ற அன்று சாவி வந்துவிட்டான். அத்தானுக்கு நடக்க வராது, கட்டிலோடு தூக்கி நடைபாதையில் இறக்கினார்கள். தூறல் வேறு. சாவி இரக்கமுள்ளவன், கட்டிலை மரத்தடிக்கு நகர்த்திக் கொடுத்தான்.

அக்கா ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய், ஒரு வார்த்தை சொல்லுடா.”

“நான் இதுல தலையிடறதே இல்லக்கா. அதானே இதுல இருக்கற சுகம்.”

ஆனாலும் மனசு கொஞ்சம் ஆடிவிட்டது போலும். அப்படி ஆடியது அவருக்கே பிடிக்கவில்லை. உடனே சாவியை அழைத்து, நாளைக்கு நானே வந்து கெஞ்சினாலும் விதியை மாற்றாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவரும் ஓய்வு பெற்றார். லாரியில் சாமான்களும் ஆடு நாற்காலியும் வந்தன. பின்னாலேயே அவரும் மனைவியும். சாவி கேட்டைத் திறக்கவில்லை.

“சம்பளச் சீட்டு, சார்?”

அவர் சிரித்தார். சாவி சிரிக்கவில்லை.

“ஓனர்யா நான்.”

“தெரியும் சார். நீங்க வந்தாத்தான் ரொம்பக் கண்டிப்பா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் அதட்டினார், அழுதார், கையெடுத்துக் கும்பிட்டார். கெஞ்சக் கெஞ்சச் சாவியின் முகத்தில் விசுவாசம் பெருகிக்கொண்டே போனது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் கைப்பையைத் துழாவி ஒரு சீட்டை நீட்டினாள். சாவி சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தான்.

“ஏம்மா, நீயாவது சொல்லேன்.”

“நான் இதுல தலையிடறதே இல்லீங்க” என்றவள் படியேறினாள். லாரிக்காரன் ஆடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

அவர் நடைபாதையில், அந்த மரத்தடியில் நின்று பால்கனியைப் பார்க்க முயன்றார். கழுத்து நிமிரவில்லை. மேலே நாற்காலி ஆடுகிற கிரீச் சத்தத்தை மட்டும் இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டடத்துக்கென்று அவர் வாங்கிய மனையில், தோண்டிப் போட்ட அஸ்திவாரக் குழியும் அதில் தேங்கிய தண்ணீரும் தவிர இன்றுவரை வேறெதுவும் எழும்பவில்லை, என் ஜன்னல் உட்பட.