மருந்து கேக்குமா

மத்தியானத்துக்குள் பரமார்த்தலிங்கத்தின் தலை வீங்கி, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டில்காரர் பூபாலராயர் ஓரமாக ஒதுங்கி, தலையின் நிழலில் இட்லி தின்றார்.

பரமார்த்தலிங்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தவன். பெண்டாட்டி சந்தனமாரி உப்பளத்திலிருந்து காலைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

டாக்டர் ஹெப்சிபா தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி தலையைத் தட்டிப் பார்த்தார்.

“மூளையில நீர் கோத்திருக்கும்மா. மண்டைக்குள்ள இடம் பத்தல. உச்சி போயி ஃபேனத் தொட்டுச்சுன்னா ஆள் தங்க மாட்டாரு.”

சந்தனமாரி அண்ணாந்து பார்த்தாள். ஒரு முழம்தான் இருந்தது.

“ஃபேன நிறுத்துங்க.”

“எனக்குப் புழுங்கும்,” என்றார் பூபாலராயர்.

“மருந்தாவது கேக்குமா டாக்டர்?”

“கூப்பிட்டுப் பாப்போம்.”

ஸ்டூலில் மூன்று மருந்துகள் உட்கார்ந்திருந்தன. டாக்டர் முதல் சீசாவிடம் குனிந்து, “ஸ்டீராய்டு,” என்று கத்தினார். அது அசையவில்லை.

“வேற சில வீக்கத்துக்கு நல்லாக் கேக்கும். பக்கவாத வீக்கத்துக்குச் செவிடு. எங்க வாத்தியார் காலத்துல தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டிருக்காங்க.”

இரண்டாவது மானிட்டால். சர்க்கரை வகையறா. கூப்பிட்டதும் திரும்பிக் கேட்டது.

“ஆளுக்குக் கிட்னி எப்படி?”

“மோசம்,” என்றார் டாக்டர்.

“அப்ப நம்மளால ஆகாது.” சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது உப்புத்தண்ணீர். நல்ல காட்டமான உப்பு. டாக்டர் வாயைத் திறக்குமுன் அது சந்தனமாரியைப் பார்த்துவிட்டது.

“யக்கா, நீங்களா.”

“நீ யாரு?”

“உப்பளத்து மேலப் பாத்தித் தண்ணிக்கா. போன கோடையில உங்க காலடியிலதான கெடந்தேன்.”

டாக்டர் சீட்டில் எழுதினார். உப்புத்தண்ணீர், அக்காவுடன், மெதுவாக.

“நான் தனியாப் போனா அத்தான் கேக்க மாட்டாக,” என்றது சீசா.

“நான் சொன்னா மட்டும் கேட்டாகளாக்கும். பிரஷர் மாத்திரையப் போடுங்கன்னு தெனமும் கத்துனேன். வெத்தலையப் போட்டுட்டுப் போனாக.”

அதற்குள் காது கதவளவு ஆகியிருந்தது. உச்சிக்கும் ஃபேனுக்கும் இடையில் ஒரு சாண். சந்தனமாரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீசாவை இடுப்பில் இடுக்கியபடி உள்ளே போனாள்.

உள்ளே முழங்கால் தண்ணீர். உப்பைக் கொஞ்சம் சாய்த்தாள். நாலாபக்கத்துத் தண்ணீரும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. காலாலேயே ஒரு வரப்பை உடைத்து வழிவிட்டாள்.

“தள்ளாதிய. எல்லாருக்கும் வழி இருக்கு.”

தண்ணீர் சிரித்துக்கொண்டு வரிசையில் இறங்கியது. கட்டிலுக்கடியில் மூத்திரப் பை நிறைந்தது. நர்ஸ் மாற்றினாள். அதுவும் நிறைந்தது. உச்சி ஃபேனை விட்டு இறங்கியது. பக்கத்துக் கட்டில் காலியானது. பூபாலராயர் மேல் வெயில் விழுந்தது.

“நிழலக் கொண்டுபோயிட்டீங்களே,” என்றார்.

காது ஜன்னலளவு ஆனது. பிறகு தட்டளவு.

டாக்டர் குனிந்து அழைத்தார். “வெளிய வாங்கம்மா. காது சின்னதாகுது.”

“செத்த இருங்க டாக்டர்,” என்றது உள்ளிருந்து சந்தனமாரியின் குரல். “இப்பத்தான் கேக்காக.”