சாங்கில பாப்போம்

கதிரேசன் அனுப்பிய செய்தியில் இருந்தது இரண்டே வார்த்தை: 'சாங்கில பாப்போம்.' கீழே சனிக்கிழமை பதினொரு மணி என்று போட்டிருந்தான். இளமதி படித்தவள், கெட்டிக்காரி, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். அவளே முதல் வார்த்தையில் காலையிலும், இரண்டாவது வார்த்தையில் மத்தியானத்திலும் சறுக்கினாள்.

முதல் சறுக்கல் சின்னது. ராசிபுரத்திலிருந்து வந்தவளுக்குச் சாங்கி என்றால் விமான நிலையம்தான். சிங்கப்பூரின் செங்காங்கில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். அந்தப் பக்கம் போனதெல்லாம் பெட்டியோடு ஊருக்குப் போகவும் வரவும்தான். கதிரேசனுக்கு வேலையும் அங்கே சரக்குப் பிரிவில் என்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கடுகு மஞ்சளில் சேலை கட்டி, முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மல்லிகையைச் சூடிக்கொண்டு, மூன்றாம் டெர்மினலில் பெயர்ப்பலகை பிடித்தவர்களோடு நின்றாள். பதினொன்றே காலுக்கு அவன் கூப்பிட்டான்.

"எங்க இருக்கீங்க?"

"டெர்மினல் மூணுலதாங்க. நீங்க?"

"டெர்மினலா? ஏன், யாராச்சும் வர்றாங்களா?"

"நீங்கதான வரச் சொன்னீங்க!"

ஃபோனுக்குள் அவன் சிரித்த சிரிப்பில் அவள் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, நான் சாங்கி வில்லேஜ்ல இருக்கேன் லா. இங்க பொறந்தவங்களுக்குச் சாங்கின்னா சாப்பாடு. உங்களுக்குச் சாங்கின்னா பிளேன். டாக்சி புடிச்சு வாங்க, பத்து நிமிஷம்தான்."

இளமதிக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. ஆறு வாரமாகத் தொலைபேசியில் கேட்ட குரல் அது, பேச்சோடு ஒட்டிவரும் அந்தச் சிங்கப்பூர் 'லா'வோடு. அலுவலகத்துச் சுசீலா அக்காதான் தன் தூரத்து உறவு என்று சொல்லி அறிமுகம் செய்துவைத்தாள். நாற்பத்திரண்டு வயது, கேலாங்கில் வீடு, ஒருமுறை மணமாகி விவாகரத்து ஆனவன். அதை அவனே முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டான். நேரில் பார்ப்பது இன்றுதான்.

இன்றைக்கே தெரிந்தாகவும் வேண்டும். ஊரில் அண்ணன் வெங்கட் திருச்செங்கோட்டு வரன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அந்த மாப்பிள்ளைக்கு மூன்று பைக் ஷோரூம். பெண் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இளமதிக்கு வயது முப்பத்தேழு. அண்ணனிடம் இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்ல, அவளுக்குக் கையில் ஒரு காரணம் வேண்டும்.

சாங்கி வில்லேஜ் அவள் அறிந்த சிங்கப்பூர் மாதிரியே இல்லை. அடுக்குமாடிகள் குட்டையாக இருந்தன. யாரும் ஓடவில்லை. பஸ் நிலையத்தை ஒட்டிய உணவங்காடியில் நாசி லெமாக் சோறு வாங்க ஒரு வரிசை நின்றது. அதில் நிற்பவர்கள்கூட அவசரமில்லாமல் நின்றார்கள். கதிரேசன் ஏற்கெனவே இரண்டு தட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஈ ஓட்டியபடி உட்கார்ந்திருந்தான். படத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் வழுக்கை. படத்தில் இல்லாத ஒரு கூச்சம்.

"பூவெல்லாம் வச்சுட்டு வந்திருக்கீங்க," என்றான்.

"நல்லா இல்லீங்களா?"

"நல்லாருக்கு. நான்தான் ஸ்லிப்பர்ல வந்துட்டேன்."

தேங்காய்ப்பால் சோற்றில் மிளகாய்ச் சம்பாலைப் பிசைந்து, வறுத்த நெத்திலியை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே பேசினார்கள். பிறகு கடலையொட்டி மேலேறி இறங்கும் பலகைப் பாதையில் நடந்தார்கள். பாறைமேல் மூன்று மலாய்க்காரர்கள் தூண்டில் போட்டுவிட்டு மீனை மறந்து கதையடித்தார்கள். ஒரு இருவாச்சிப் பறவை, தலையில் இன்னொரு மூக்கு முளைத்தது போல, விடுதித் தோட்டத்து மரத்தில் உட்கார்ந்து அவர்களை மேலும் கீழும் பார்த்தது.

"இது யாரு, உங்க வீட்டுப் பெரியவங்களா?" என்று இளமதி கேட்க, அவன் மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

விமானங்கள் தாழப் பறந்தன. கதிரேசன் அண்ணாந்து பார்த்து, இதில் பூ வருகிறது, இதில் மீன் வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். நிஜமாகவே தெரிந்து சொன்னானா, அளந்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கேட்க இதமாக இருந்தது. இவனோடு இருந்தால் வாழ்க்கை இப்படித்தான், சத்தமில்லாமல் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததும் பயமும் வந்தது.

ஒரு மணிக்குப் படகுத்துறைக்குப் போனார்கள். எதிரே உபின் தீவு பச்சையாகக் கிடந்தது. அங்கே போகும் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும், அவ்வளவுதான். இவர்களோடு சேர்த்துப் பதினோரு பேர் ஆயிற்று. பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. படகுக்காரர் விரலை விட்டு எண்ணுவார், வாசலைப் பார்ப்பார், மறுபடி எண்ணுவார். சைக்கிளோடு வந்த ஒரு சீனத் தாத்தா, எண்ணிக்கையை ஏற்றிவிடலாம் என்பது போல, தன் சைக்கிளையும் சேர்த்து எண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. இளமதிக்கு அது நீளமாகவே தோன்றவில்லை. இரண்டு மணி தாண்டியதும் கதிரேசன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான்.

"மூணு மணிக்கு ஷிஃப்ட். இனிமே போனா திரும்ப முடியாது."

இருவரும் எழுந்ததில் பதினொன்று ஒன்பதாயிற்று. தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் கதிரேசன் ஹெல்மெட்டை மாட்டியபடி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து முழுங்கியது போல இருந்தது. கடைசியில், "சரி, பாப்போம் லா," என்றுவிட்டு மோட்டார்சைக்கிளைக் கிளப்பிப் போய்விட்டான்.

இளமதி பஸ்ஸில் ஏறி, பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மனசு விட்டுப்போயிருந்தது.

ஊரில் அவளைப் பெண் பார்க்க இதுவரை ஏழு குடும்பம் வந்திருக்கிறது. முதலில் வந்தவர்களுக்கு அவள் உயரம் ஜாஸ்தி. பிறகு சம்பளம் ஜாஸ்தி, கடைசியில் வயது ஜாஸ்தி. ஆனால் ஒருவர்கூட வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னதில்லை. பஜ்ஜி தின்று, காபி குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "சரிங்க, பாப்போங்க," என்பார்கள். அதன்பின் அவர்களிடமிருந்து பேச்சு மூச்சு இருக்காது. ஏழு முறை கேட்ட சொல் எட்டாவது முறை புரியாமல் போகுமா?

பஸ் சிறைச்சாலையைத் தாண்டும்போது அண்ணன் கூப்பிட்டான்.

"என்ன கண்ணு, பாத்தியா? என்ன சொன்னாரு?"

"பாப்போம்னு சொன்னாருண்ணா."

ஏழு முறையும் அந்த வாசலில் கூட நின்ற அண்ணனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "சரி விடு கண்ணு. நமக்கு அமையல, அவ்வளவுதான். திருச்செங்கோட்டுக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிரட்டுமா? ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்தாள். "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுண்ணா," என்று வைத்துவிட்டாள்.

அழுகை வந்தது. பொது இடத்தில் அழுகிறவர்கள் செய்வது போல ஃபோனை எடுத்து மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினாள். அவன் செய்தி அப்படியே இருந்தது. 'சாங்கில பாப்போம்.'

மறுபடி படித்தாள். காலையில் இந்த வரியில் முதல் வார்த்தைக்கு அவன் ஊரில் ஒரு பொருள், அவள் ஊரில் ஒரு பொருள். அப்படியானால் இரண்டாவது வார்த்தைக்கு? அவளை வரச் சொன்னதே அந்த வார்த்தையை வைத்துத்தானே? சிங்கப்பூரில் பிறந்து, பெண் பார்க்கும் வாசலில் ஒருநாளும் நிற்காதவன் அதை வேறென்ன நினைத்துச் சொல்லியிருப்பான்?

மணி இரண்டு நாற்பது. ஷிஃப்ட் ஏறிவிட்டால் ஃபோன் லாக்கருக்குள் போய்விடும், இரவுதான் எடுப்பான் என்று அவனே சொல்லியிருக்கிறான். அதற்குள் அண்ணன் திருச்செங்கோட்டுக்குச் சொல்லிவிடுவான். இளமதி மணியை அழுத்தி, எந்த நிறுத்தம் என்றுகூடப் பார்க்காமல் இறங்கி, அவன் எண்ணை அழுத்தினாள். ஐந்தாவது மணியில் எடுத்தான். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணுங்க. பாப்போம்னு சொன்னீங்கல்ல, அப்படின்னா என்ன?"

"என்னன்னா? பாப்போம்னா பாப்போம்தான். போட் போகலையே. அடுத்த சனிக்கிழமை எனக்கு ஆஃப். காலையிலயே போனா பன்னெண்டு பேர் சேந்துடுவாங்க." பிறகு குரல் இறங்கியது. "ஏன், உங்களுக்கு வேணாமா? சொல்லிடுங்க, பரவால்ல."

"எங்க ஊர்ல பாப்போம்னா வேணாம்னு அர்த்தங்க."

"அடக் கடவுளே," என்றான் கதிரேசன். "அப்ப வேணும்னா உங்க ஊர்ல என்ன சொல்வாங்க? கரெக்டா அதையே சொல்லிடறேன்."

இளமதி யோசித்தாள். வாசலில் நின்ற ஏழு குடும்பத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"தெரியலீங்க. எங்கிட்ட யாரும் சொன்னதில்ல."

அந்தப் பக்கம் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "வரேன் லா!" என்று அங்கே கத்திவிட்டு, ஃபோனை வாயருகே கொண்டுவந்தான் போலிருக்கிறது. "வேணும்," என்றான். "அங்கேயே சொல்லணும்னுதான் நெனச்சேன். பயந்துட்டேன். நீங்க வேணும், இளமதி. இப்பப் புரியுதா?"

"புரியுதுங்க," என்றாள்.

அவன் வைத்த உடனே அண்ணன் கூப்பிட்டான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"என்ன கண்ணு, அவங்களுக்குச் சொல்லிரட்டுமா?"

"வேணாம்ணா."

"ஏன், அவரு மறுபடி பேசினாரா? என்ன சொன்னாரு?"

இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாப்போம்னு சொன்னாருண்ணா."