கண்காணிப்பாளர் படித்த கடிதம்

கண்காணிப்பாளரின் மேசைக்கு வந்த எந்தக் கோப்பும் மதியம் தாண்டித் தங்கியதில்லை. மேலே தலைப்பைப் பார்ப்பார், கீழே கையெழுத்துப் போடுவார். நடுவில் இருப்பதைப் படித்துப் பொழுதைப் போக்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, ஒன்பது வயதாகியும் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுகிற மகள், சுண்டு.

மருத்துவர் அதை ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு என்றார். கண்காணிப்பாளர் கொழுப்பு என்றார். அசையாமல் உட்கார்ந்து படிப்பதுதான் அவர் கண்ட வைத்தியம். சுண்டுவும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். பாடத்தில் என்ன இருந்தது என்று கேட்டபோது, அப்பாவின் மூக்கிலிருந்து எத்தனை முடி எட்டிப் பார்க்கிறது என்று சொன்னாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். வாசிப்பு வராத பிள்ளைகளைக் கீழ் வகுப்பில் உட்காரவைத்து விடுவார்கள். அங்கே போனால் அவளுடைய ஒரே சிநேகிதி கூட இருக்கமாட்டாள்.

அம்மா ஓர் அட்டையில் இரண்டு வரி மட்டும் தெரிகிற மாதிரி சந்து வெட்டிக் கொடுத்தாள். நடந்துகொண்டே படிக்கலாம். ஆனால் இரண்டு வரிக்கு ஒருதரம் நின்று, படித்ததைத் தன் வார்த்தையில் சொன்ன பிறகுதான் அட்டையை நகர்த்த வேண்டும். வீட்டைக் கடைத்தெருவாக்கி விட்டாய் என்று கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. 'வாசிப்பு உதவி' என்று தலைப்பு. நல்ல பள்ளிக்கூடம் என்று மெச்சி, கையெழுத்துப் போட்டு வைத்தார். சுண்டு அதை எடுத்து, அட்டையை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவர ஆரம்பித்தாள்.

"நான் மெதுவாப் படிக்கிறேனாம்," என்று சன்னலருகே நின்று சொன்னாள். கதவருகே மறுபடி நின்றாள். "திங்கட்கிழமையிலேருந்து கீழ் வகுப்புல உட்காரணுமாம்."

மூன்றாவது தடவை நிற்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"அதுக்கு அப்பா சம்மதிக்கிறாராம்."

அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கண்காணிப்பாளர் கடிதத்தை வாங்கப் போனார். மகள் கொடுக்கவில்லை.

"நீங்க இதைப் படிச்சீங்களாப்பா?"

"படிச்சேனே," என்றது இருபது வருடப் பழக்கம்.

"அப்ப தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"இல்லம்மா. நான் படிக்கவே இல்ல," என்றார்.