சாவித் துவாரத்தில் சந்தனம்

"நைனா, சாவி உள்ள போவவே மாட்டுது."

கைப்பேசித் திரையில் மகள் தீபாவின் முகத்தைவிட அவள் வாயிலிருந்து வந்த ஆவிதான் அதிகம் தெரிந்தது. கனடாவில் அப்போது காலை. திருத்தணியில் விளக்கு வைக்கும் நேரம். வேணு பள்ளி வேனை நிறுத்திவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தார்.

அவள் கார் வாங்கியது முந்தின நாள்தான். பழைய கார், ரிமோட் கிடையாது. முதியோர் இல்லத்து வேலைக்கு பஸ்ஸில் போய் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் கார்.

"பூட்டு ஐஸா போச்சு. இங்க மைனஸ் இருபத்தஞ்சு."

"வெந்நீர் ஊத்துடி," என்றாள் புஷ்பலதா, கணவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"அம்மா, அதுவும் அங்கயே ஐஸாயிடும்."

"அந்தப் பக்கத்துக் கதவு?"

"அதுல சாவி ஓட்டையே இல்ல."

தீபா கேமராவைப் பூட்டருகே கொண்டுபோனபோதே வேணு பார்த்துவிட்டார். துவாரத்தை அடைத்துக்கொண்டு, மஞ்சளாக, கல்லாக இறுகிய பொட்டு. நேற்று வீடியோவில் அவர்தான் வைக்கச் சொன்னார். மலையடிவாரத்தில் பூசை போட்ட ஒவ்வொரு வண்டிக்கும் சாவி போடும் இடத்தில் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். அவள் தண்ணீர் அதிகம் விட்டுக் கரைத்திருந்தாள். நன்றாக அழுத்தி வை என்று சொன்னதும் அவர்தான். இங்கே அது காய்ந்து உதிர்ந்துவிடும். அங்கே என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

"அது சந்தனம்மா," என்றார். "நான் சொல்லித்தான வெச்ச."

"ஆங், முருகரே வந்து பூட்டிட்டாரு. அவரையே வந்து தொறக்கச் சொல்லு," என்றாள் தீபா. சிரிக்கப் பார்த்தாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"சாவிய அக்குள்ல வெச்சிக்கோடி. சூடாவும்."

"இவ்ளோ பெரிய கோட்டுக்குள்ள எப்பிடிம்மா... இரு, வச்சிட்டேன். பையில கைக்குத் தடவற சானிடைசர் வேற இருக்குது. அது ஐஸாவாது. ஊத்திப் பாக்கறேன்."

படம் ஆடியது. இருண்டது. அழைப்பு அறுந்துவிட்டது.

திரும்ப அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

"குளிர்ல சார்ஜு போயிருக்கும்," என்றாள் புஷ்பலதா.

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. இருவரும் எழவில்லை. புஷ்பலதா ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. நல்லதுக்கென்று அனுப்பிய ஒன்று போய்ச் சேருமிடத்தில் என்னவாக மாறும் என்பதை இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? மகளுக்கு வேலை போனால் யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மீண்டும் விசில். புஷ்பலதா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அவள் திரும்புவதற்குள் கைப்பேசி அடித்தது.

"நைனா! உள்ள குந்திகினு இருக்கேன். செல்போன வண்டியில சார்ஜ் போட்டிருக்கேன்."

பின்னால் ஹீட்டரின் இரைச்சல். வேணு கண்களை மூடிக்கொண்டார்.

"மொத தடவ ஊத்தனேன், ஒண்ணும் ஆவல. மறுபடி ஊத்தி, சூட்டோட சாவிய நொழச்சேன், சந்தனம் கொழகொழன்னு வெளிய வந்துது. கதவு வேற ரப்பரோட ஒட்டிகினு இருந்துது. இடுப்பால இடிச்சித் தொறந்தேன். பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு வந்தாங்க. ராத்திரியில பூட்டு மேல டேப் ஒட்டணுமாம், ரப்பருக்கு சிலிக்கான் தடவணுமாம். ஓட்டைக்குள்ள தண்ணியே போவக் கூடாதாம்."

"இன்னிக்கே வாங்கிடு. இப்ப பேசிகினு ஓட்டாத, வை," என்றார் வேணு.

தீபாவிடமிருந்து செய்தி வருவதற்குள் புஷ்பலதா சோறு போட்டுவிட்டாள். அவர் கை வைக்கவில்லை. பிறகு திரை ஒளிர்ந்தது: "வேலைக்கு வந்துட்டேன். எனக்கு முன்னாடி யாருமே வரல."

அவர் இரண்டு முறை படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

"அடுத்த வண்டிக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கறதோட நிறுத்திக்கோ," என்றாள் அவள்.

"அதுவும் ஐஸாயி வண்டியவே மேல தூக்கிடும்."

சொன்னவருக்கே சிரிப்பு வந்தது. சோற்றைப் பிசையத் தொடங்கினார்.